மைரா கேன்யன் ரயில் பாலங்கள்: அப்பாவால் சைக்கிள் ஓட்ட முடியுமா?

தென்றல்:
ஜூலையில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வான்கூவர் வருகிறார்கள். இரண்டு நாள் கெலோனா ஊரில் தங்கப் போகிறோம், அதில் ஒரு நாள் முழுக்க பக்கத்து மலையில் இருக்கும் மைரா கேன்யனுக்கு, பழைய ரயில்பாதையின் மரப்பாலங்கள் மேல் சைக்கிள் ஓட்டும் இடம் அது. அப்பாவுக்கு 64 வயது, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் மார்க்கெட்டுக்குச் சைக்கிளில்தான் போவார், ஆனால் மேடு ஏறினால் முட்டி வலி வந்துவிடும். அந்த மரப்பாலங்களை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மலை மேல் இருக்கிறது என்கிறார்களே, அவரால் முடியுமா? எனக்கும் உயரம் என்றால் பயம்.

மலைக்காற்று:
தாராளமாக முடியும். இடம் 1,200 மீட்டருக்கு மேல்தான், ஆனால் அந்த ஏற்றத்தை உங்கள் கார் ஏறிவிடும் (கடைசிப் பகுதி சரளைக்கல் ரோடு, மெதுவாகப் போங்கள்). மேலே போய்விட்டால் பாதை கிட்டத்தட்ட சமதளம். நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஏற வேண்டுமே, அதனால் இந்த கெட்டில் வேலி ரயில்பாதையில் சரிவு 2.2 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள், முட்டிக்குப் பயமில்லை. 12 கிலோமீட்டருக்குள் 18 பாலங்கள், 2 சுரங்கங்கள். போய் வர 24, பாதியில் திரும்பினாலும் நிறையப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மட்டும் கையோடு எடுத்துப் போங்கள், வழியில் கிடைக்காது.

தண்டவாளம்:
அப்பா ரயில்வேக்காரர் என்றால் அவரிடம் இதையும் சொல்லுங்கள். தலைமைப் பொறியாளர் ஆண்ட்ரூ மெக்கல்லக், பாதை திறந்தது 1915-ல். 1970களில் ரயில் நின்று, 1980-ல் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். சும்மா கிடந்த பாலங்களின் மேல் பலகை அடித்து, கைப்பிடி வைத்து, நடக்கவும் ஓட்டவும் தகுந்ததாக்கியவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள். அப்புறம் 2003 காட்டுத்தீயில் 16 மரப்பாலங்களில் 12 எரிந்து போயின. அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் பழையபடியே மரத்திலேயே கட்டி 2008-ல் மறுபடி திறந்துவிட்டார்கள், எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஆறாம் எண் பாலத்தில் அவசியம் இறங்கி நில்லுங்கள். அது இரும்பு, 220 மீட்டர் நீளம், 55 மீட்டர் உயரம். வழியெல்லாம் கருகிய மரங்கள் இன்னும் நிற்கின்றன, அடியில் இளம் மரங்கள் வளர்ந்து வருகின்றன.

ஓரக்கண்:
உயரப் பயம் எனக்கும் உண்டு. இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறது, பாலம் அகலமாகத்தான் இருக்கும். முதல் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன், கீழே பார்க்காமல் பலகைகளில் இருந்த ஆணித்தலைகளையே பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாவது பாலத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன், சக்கரத்துக்கு அடியில் பலகை தடதடவென்று அதிரும், அந்தச் சத்தம் பழகினதும் பயம் போய்விட்டது. சுரங்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண் தெரியாது.

தென்றல்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று போனில் 2.2 சதவீதம் என்றேன், அப்பா உடனே "அப்படின்னா 45 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம், அது எஞ்சினுக்குத்தான் கஷ்டம், எனக்கு இல்லை" என்றார். 24 கிலோமீட்டரும் ஓட்டுவாராம். அந்தப் பாலங்களை எந்த மரத்தில் கட்டினார்கள் என்று கேட்கிறார், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம்:
டக்ளஸ் ஃபிர்.