ஐந்து கட்டுரை, மூன்று சோதனை

2019-ல் முதுநிலை ஆய்வேட்டுக்காக ஒரு வலி மருந்தின் சோதனைகளைத் தேடினேன். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் மருந்தின் பெயரை அடித்து, பக்கத்தில் இருந்த ‘ராண்டமைஸ்டு கண்ட்ரோல்டு ட்ரையல்’ (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் சோதனை) கட்டத்தில் டிக் போட்டேன். ஐந்து கட்டுரைகள் வந்தன. வேலை முடிந்தது என்று அட்டவணை போட்டு வழிகாட்டியிடம் காட்டினேன்.

“இந்த மூன்றிலும் நோயாளிகளின் சராசரி வயது தசமப் புள்ளி வரை எப்படி ஒன்றாக இருக்கும்?” என்று கேட்டார்.

இதழ் வேறு, முதல் ஆசிரியர் வேறு. ஒன்று 12 வார முடிவு, ஒன்று ஓராண்டு முடிவு, இன்னொன்று முதியவர்களை மட்டும் பற்றியது என்று தலைப்பு சொன்னது. உள்ளே பார்த்தால் அட்டவணை என்னவோ மொத்தப் பேருக்கும்தான். மூன்று சுருக்கங்களின் கடைசி வரியிலும் ஒரே என்சிடி எண், அதாவது ஒரு சோதனைக்கு ஒன்றே தரப்படும் பதிவு எண். அதே நோயாளிகளை மூன்று தடவை எண்ணியிருக்கிறேன்! நான் மட்டும் இல்லை என்பது ஓர் ஆறுதல்: வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் பற்றி 1997-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இப்படி இரட்டித்த தரவு மருந்தின் பலனை 23 சதவீதம் கூட்டிக் காட்டியிருந்தது.

டிக் போட்டதும் தப்புதான். பப்மெட்டில் இருப்பதெல்லாம் மெட்லைன் (கட்டுரைகளுக்கு வகை முத்திரை குத்தி வைக்கும் பகுதி) இல்லை. வகை முத்திரை குத்தப்படாத கட்டுரையை அந்த வடிகட்டி சத்தமில்லாமல் தள்ளிவிடும். டிக்கை எடுத்துவிட்டு, தலைப்பிலும் சுருக்கத்திலும் ‘ராண்டம்’ என்று தொடங்கும் எல்லாச் சொற்களையும் தேடினேன். குப்பை நிறைய வந்தது, கூடவே புதிதாக ஒரு சோதனையும்.

அப்புறம், சோதனைகளைப் பதிவு செய்யும் கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ் தளம். 2008 முதல் அங்கே முடிவுகளையும் போடுகிறார்கள். என் மருந்துக்கு, முடிந்துபோன சோதனை ஒன்று இருந்தது. முடிவு அட்டவணை இருந்தது, கட்டுரை எங்குமே இல்லை. மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று எண்கள் சொல்லின. கட்டுரைகளை மட்டும் நம்பியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

இப்போது என் அட்டவணையின் முதல் பத்தி பதிவு எண்தான். 2005-க்கு முந்தைய சோதனைகள் பலவற்றுக்கு எண்ணே கிடையாது. ஊர், சேர்த்த தேதி, ஆள் எண்ணிக்கை என்று பொருத்திப் பார்க்க வேண்டியதுதான், பொறுமை வேண்டும்.

அந்தக் கட்டுரையில்லாத சோதனையின் ஆய்வாளருக்கு மின்னஞ்சல் போட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: “இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. அதற்குமேல் முயலவில்லை.”