பத்து வருடத்தில் மாரடைப்பு வருமா? ரிஸ்க் ஸ்கோர் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

திருச்சியிலிருந்து:
அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு. எனக்கு இப்போது 38. ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் பிரஷர் 134/86 என்று வந்தது, மற்றதெல்லாம் நார்மல். மனசு கேட்காமல் இதய டாக்டரைப் பார்க்கப் போனேன். பத்து வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைக் கணக்கிட உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 2019 அட்டவணையை எடுத்துக் காட்டினார். வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம், பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது 40 வயதில்தான் தொடங்குகிறது, அப்பாவைப் பற்றிய கேள்வியும் கிடையாது. இந்த மாதிரிக் கணக்குகளுக்கு முன்னோடி, அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் 5,209 பேரை வைத்து ஆரம்பித்த ஆய்வு. அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஆனால் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. "அட்டவணை கேட்கலைன்னா நாம கேட்டுக்கணும்" என்று சொல்லி லிப்போபுரோட்டீன் (ஏ) டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் ஒரு வகைத் துகள் அது, அதிகமானால் மாரடைப்பு வாய்ப்பு கூடும். அதன் அளவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது, பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதுமாம். எனக்கு அதிகமாகத்தான் இருந்தது. கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க இப்போதே மாத்திரை ஆரம்பித்துவிட்டார். அப்பாவின் வயதை யாரும் கேட்காமல் விட்டிருந்தால் 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்திருப்பேன்.

லண்டனிலிருந்து:
தம்பி, இங்கே 40 முதல் 74 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அழைத்துப் பார்ப்பார்கள். கியூரிஸ்க் என்ற கணக்கு. அதில் குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள்: அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது 60 வயதுக்குள் இதய நோய் வந்ததா என்று. இனமும் கேட்பார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவருக்குத் தனித்தனி இடம். யாழ்ப்பாணத்துக்காரனான நான் 'பிற ஆசியர்' பட்டியலில். எனக்கு 7 சதவீதம் வந்தது. என்னைப் போன்ற 100 பேரில் 7 பேருக்குப் பத்து வருடத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம் என்று நர்ஸ் விளக்கினார். பரவாயில்லை என்றுதான் பட்டது. அப்புறம் அதே திரையில் 'இதய வயது 53' என்று காட்டினார். என் வயது 44. சிகரெட்டை விட வைத்தது அந்த இரண்டாவது எண்தான்.

மதுரைப் பக்கத்திலிருந்து:
பெண்களிடம் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன். முதல் பிரசவத்தில் எனக்கு பிரஷர் 160-ஐத் தாண்டியது. கால் முகமெல்லாம் வீக்கம், சிறுநீரில் புரதம். குழந்தையை முன்கூட்டியே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு பிரஷர் இறங்கியதும் 'சரியாகிவிட்டது' என்று அனுப்பினார்கள். பிற்காலத்திலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாமியாருக்கு மாத்திரை கொடுக்க வந்த அக்கா, "நீயும் கையை நீட்டும்மா" என்று பார்த்தார். 152/96. எனக்குத் தலைவலி, மயக்கம் எதுவுமே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர்தான் முதன்முதலாகக் கேட்டார், "பிரசவத்தப்ப பிரஷர் இருந்துச்சா?" அப்படி இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காம். லண்டன் அண்ணா சொல்லும் கணக்கிலும் இந்தக் கேள்வி இல்லை என்று மகள் பார்த்துச் சொன்னாள். அக்கா, தங்கச்சி யாருக்காவது அப்படி இருந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பிரசவ ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், கோவை:
திருச்சித் தம்பிக்கு ஒன்று. 134/86 எங்கே, எப்படி எடுத்தது? செக்கப் நாளில் வரிசையில் நின்றுவிட்டு, பேசிக்கொண்டே கையைக் கொடுத்தால் ஏறித்தான் காட்டும். தடித்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினாலும் கூடும். ஸ்கோரில் போடும் எண்ணே தப்பாக இருந்தால் வரும் சதவீதமும் தப்புதான். வீட்டில் மேல்கையில் கட்டும் மெஷினை வையுங்கள். காபி, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு எடுங்கள். ஒரு வாரம், காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை. முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் 135/85-ஐத் தொட்டாலே அதிகம் என்றுதான் கணக்கு. அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள்.