புதுப்பிப்பு: எண்ணூர் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி எது?

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய தரிசு நிலத்தில் எடுத்த ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியின் படத்தை முன்பு பதிவிட்டு, அது வெந்தய வரியனா, அதைப் போலவே தோற்றமளிக்கும் டனாயிட் எக்ஃபிளை இனத்தின் பெண்ணா என்று கேட்டிருந்தேன். பதில்கள் இரண்டாகப் பிரிந்திருந்தன. அதே இடத்தில் இறக்கைகளை முழுவதும் விரித்த நிலையில் இப்போது கிடைத்துள்ள படங்களில் விடை தெளிவாகிறது.

பின்னிறக்கையின் மேற்புறத்தைப் பாருங்கள். வெந்தய வரியனுக்கு இறக்கையின் நடுப்பகுதியில் மூன்று கரும்புள்ளிகள் இருக்கும். ஆணுக்கு வாசனைச் செதில்கள் கொண்ட பையும் சேர்ந்து நான்காகத் தெரியும். எக்ஃபிளை பெண்ணுக்கோ முன்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளிதான் உண்டு. என் முதல் படத்தில் முன்னிறக்கை அந்த விளிம்பை மறைத்திருந்ததே குழப்பத்துக்குக் காரணம். புதிய படங்களில் ஒற்றைப் புள்ளி ஐயமின்றித் தெரிவதால், இது எக்ஃபிளை பெண்தான்.

சுற்றிலும் எருக்கு மண்டியிருப்பதால் வெந்தய வரியன்தான் என்று சிலர் வாதிட்டிருந்தனர். எருக்கு அதன் புழுக்களுக்கு உணவு என்பது உண்மையே. எருக்கின் நச்சு உடலில் சேர்வதால் பறவைகள் தவிர்க்கும் வரியனைப் போலத் தோன்றுவதே நச்சற்ற எக்ஃபிளைக்குப் பாதுகாப்பு என்பதால், இரண்டும் ஒரே இடத்தில் பறப்பதில் வியப்பில்லை. மேலும், எக்ஃபிளை புழுக்கள் உண்ணும் பருப்புக்கீரையும் அங்கே தரையெங்கும் படர்ந்திருக்கிறது. செடியை வைத்து இனத்தை முடிவு செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

இறக்கை மூடிய நான்காவது படத்தை மட்டும் பெயரிடாமல் விட்டிருக்கிறேன். அதில் பின்னிறக்கை மங்கலாக உள்ளது.