டிபிஎஃப் விளக்கு மூன்றாவது முறை: மாற்றவா, கழற்றவா, காரணம் தேடவா?

வடவள்ளிவாசி

வண்டி 2020 பிஎஸ்6, 1.5 லிட்டர் டீசல். ஓடியது 1,28,000 கி.மீ. வாரன்ட்டி முடிந்து நாளாகிவிட்டது. ஐந்து மாதத்தில் மூன்றாவது முறையாக டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரிகிறது. ஒவ்வொரு முறையும் ஒர்க் ஷாப்பில் ஸ்கேனரை மாட்டி ஃபோர்ஸ்டு ரீஜென் செய்து, அதாவது சேர்ந்த கரியை வலுக்கட்டாயமாக எரித்து, அனுப்புகிறார்கள். முதல் தடவை 1,100 கி.மீ. தாங்கியது. அடுத்தது 600. இப்போது 240-லேயே விளக்கு வந்துவிட்டது. ஸ்கேனர் காட்டும் கோளாறு கோடு பி2463, அதாவது கரி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

ஒர்க் ஷாப்காரர் முழு யூனிட்டையும் மாற்றச் சொல்லி ஒன்றேகால் லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார். வெளியே ஒருவர், உள்ளே இருப்பதை வெட்டி எடுத்து, இன்ஜின் கம்ப்யூட்டரின் மேப்பிங்கையும் மாற்றித் தர இருபத்தைந்தாயிரம் கேட்கிறார். தினமும் வடவள்ளியிலிருந்து பீளமேடு வரை சிக்னல் சிக்னலாகத்தான் ஓட்டம். எந்த வழியில் போகலாம்?

மலைவண்டி

வெட்டி எடுத்துவிடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, ஊட்டிக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். போன மே மாதம் குஞ்சப்பனைக்கு மேலே கொண்டை ஊசி வளைவில் லிம்ப் மோடுக்குப் போனது, அதாவது இன்ஜின் தானே சக்தியைக் குறைத்துக்கொண்டது. உள்ளே பதினோரு பேர், அதில் இரண்டு வயதானவர்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி நகரவில்லை. சீசனில் இரண்டு நாள் ஓட்டம் போனது. நண்பர் ஒருவர் இரண்டு வருடம் முன்பே எடுத்துவிட்டார், நாற்பதாயிரம் கி.மீ. ஓடிவிட்டது, ஒரு தொந்தரவும் இல்லை. நம் ஊர் ஓட்டத்துக்கு இந்தச் சாமான் சரிப்படாது என்பதுதான் உண்மை.

ஸ்பேனர்17

ஈரோட்டில் 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மாற்றுவது, வெட்டுவது இரண்டையும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள் தம்பி. 1,100, 600, 240 என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கவனியுங்கள். ஃபில்டர் தானாகக் கெடுவது அபூர்வம். அதற்கு முன்னால் இருக்கிற ஏதோ ஒன்று கெட்டால்தான் ஃபில்டர் இப்படி வேகமாக அடைக்கும். காரணத்தை விட்டுவிட்டுப் புது யூனிட் போட்டால், புதுசும் அடைத்துக்கொண்டு வரும்.

உள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய குழாய்கள். ஒன்றுவிட்டு ஒன்று முனை அடைக்கப்பட்டிருக்கும். புகை பக்கச்சுவர் வழியாகக் கசிந்துதான் வெளியேற முடியும், கரி சுவரிலேயே தங்கிவிடும். அந்தக் கரியை எரிக்க ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தாமதமாக விடுகிறது. அது முன்னால் இருக்கும் கேட்டலிஸ்டில் எரிந்து வெப்பத்தைச் சுமார் 600 டிகிரிக்கு ஏற்றும். பத்து இருபது நிமிடம் இப்படி ஓடினால் கரி போய்விடும். இதுதான் ரீஜென். இது நடக்கப் பல நிபந்தனைகள் உண்டு. அதில் எது உங்கள் வண்டியில் நிறைவேறவில்லை என்று பார்க்க வேண்டும்.

ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் (ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி) வாங்கி, உங்கள் வண்டியின் டிபிஎஃப் அளவுகளைக் காட்டும் ஆப்பைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது: இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் டிஃப்ரன்ஷியல் பிரஷர் (ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்). அப்புறம் ஐடிலிலும் 3000 ஆர்பிஎம்மிலும் அதே அளவு. ஈசியு கணக்குப் போட்ட கரி எவ்வளவு, பிரஷரை வைத்து அளந்த கரி எவ்வளவு. ஹைவேயில் அரைமணி ஓடிய பிறகு கூலன்ட் வெப்பம். டிப்ஸ்டிக்கில் ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதையும் பாருங்கள்.

திருப்பூர் டீசல்

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. டேங்கில் ஊற்றுகிற டிபிஎஃப் கிளீனர் ஒரு பாட்டில் ஊற்றுங்கள். பெருந்துறை ரோட்டில் நான்காவது கியரில் 2500 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் முக்கால் மணி ஓட்டுங்கள். என் வண்டியில் மூன்று முறை விளக்கு வந்தது, மூன்று முறையும் இப்படித்தான் அணைந்தது.

ஸ்பேனர்17

மூன்று முறை வந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். முதல் முறையே சரியாகியிருந்தால் இரண்டாவது எதற்கு வந்தது? மருந்து வேலையே செய்யாது என்று சொல்லவில்லை. சீரியம், இரும்பு கலந்த சேர்மங்கள் கரி பற்றுகிற வெப்பத்தைக் குறைக்கும். 2000-இல் பியூஜோ 607 காரில் முதலில் வந்த ஃபில்டர் அமைப்பே அப்படி ஒரு திரவத்தோடுதான் வந்தது. ஆனால் எரிந்த பிறகு அந்த உலோகம் சாம்பலாக உள்ளேயே நிற்கும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. கரி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு எந்த பாட்டிலிலும் பதில் கிடையாது.

மலைவண்டி

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் டாங்கிள் வாங்கி, ஆப் போட்டு, அளந்து எழுதி என்று இருக்க வாடகை வண்டிக்காரனுக்கு நேரம் எங்கே? ஒர்க் ஷாப்பில் கேட்டால் ஸ்கேனர் மாட்டினதற்கே பணம், காரணம் மட்டும் சொல்வதில்லை. எனக்கு ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது) மாற்றினார்கள், டெம்பரேச்சர் சென்சார் மாற்றினார்கள், விளக்கு போகவில்லை. ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கிற செலவை எங்கள் தலையில்தான் கட்டுகிறார்கள். அதனால்தான் வெட்டச் சொல்கிறேன். ரோட்டில் கரும்புகை கக்கிப் போகும் பழைய லாரிகளை யாரும் நிறுத்துவதில்லை. என் ஒரு வேன் மட்டும் சுத்தமாக ஓடி என்ன ஆகப்போகிறது?

நித்திலா

கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். என் மகனுக்கு வீசிங். வீடு மெயின் ரோட்டை ஒட்டி. ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் கறுப்பாக ஒட்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இலேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. டீசல் காருக்குத் துகள் வரம்பு பழைய புகை விதியான பிஎஸ்4-இல் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம், பிஎஸ்6-இல் 4.5. அந்த வித்தியாசத்தைத் தருவதில் பெரிய பங்கு நீங்கள் வெட்டச் சொல்லும் அந்தச் சாமானுக்குத்தான். லாரி புகை விடுகிறது என்பது லாரியைக் கேட்க வேண்டிய கேள்வி. அதற்காக உங்கள் வேனும் அதே புகையை என் பிள்ளை மூஞ்சியில் விடலாமா?

சட்டமும் இருக்கிறது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாசு விதியை மீறினால் 190-ஆம் பிரிவில் 10,000 வரை.

மலைவண்டி

நித்திலா அக்கா, உங்கள் பிள்ளைக்கு நான் எதிரி இல்லை. எனக்கும் இரண்டு பெண் குழந்தைகள். சட்டம் தெரியும். ஆனால் வளைவில் வண்டி நின்று பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது, பதினோரு உயிருக்கு நான்தான் பொறுப்பு. அந்த நேரத்து மனநிலையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்தச் சாமானைக் கட்டாயமாக்கியவர்கள், இதைச் சரிபார்க்கத் தெரிந்த ஆட்களைத் தாலுகாவுக்கு ஒருவராவது இருக்கும்படி செய்திருக்க வேண்டும்.

ஈஸ்ட்ஹாம் வேன்

லண்டனில் டெலிவரி வேன் ஓட்டுகிறேன், 2012 மாடல். இங்கே 2014 பிப்ரவரி முதல் வருடாந்திர எம்ஓடி சோதனையில் டிபிஎஃப் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் ஃபெயில். கழற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டினால் காருக்கு 1,000 பவுண்டு வரை, வேனுக்கு 2,500 வரை அபராதம். அதனால் வெட்டும் யோசனைக்கே நான் போகவில்லை. என் வேன் மூன்று மாதம் படுத்தியது. கடைசியில் பார்த்தால் பிரஷர் சென்சாருக்குப் போகும் சின்ன ரப்பர் ஹோஸில் கீறல். ஃபில்டர் நன்றாகத்தான் இருந்தது. மலைவண்டி சொல்வதில் ஒன்று சரி, பார்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பது இங்கேயும் கஷ்டம்தான்.

வடவள்ளிவாசி

அளந்துவிட்டேன். ஞாயிறு காலை நீலாம்பூரிலிருந்து பெருந்துறை போய்த் திரும்பினேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டே வந்தார்.

இன்ஜின் ஆஃபில் பிரஷர் 0. ஐடிலில் 19 மில்லிபார், 3000-இல் 110. கணக்கிட்ட கரிக்கும் அளந்த கரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூலன்ட் ஹைவேயில் 71 டிகிரியைத் தாண்டவே இல்லை, இறக்கத்தில் 66 வரை இறங்கியது. ஊருக்குள் டிராஃபிக்கில் நின்றபோது 80 வந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல். முகர்ந்தால் டீசல் வாடை. இன்னொன்று, ஆபீஸில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். இத்தனை நாள் வெயில் என்று நினைத்தேன்.

ஸ்பேனர்17

தம்பி, உங்கள் வீட்டம்மா குறித்த காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். சென்சார் பொய் சொல்லவில்லை: ஆஃபில் சுழி, இரண்டு கரி அளவும் ஒத்துப்போகின்றன. அடைப்பு உண்மை. கரி எரியாமல் போவதற்குக் காரணம் அந்த 71. இந்த மாதிரி இன்ஜின் 85, 90-இல் நிற்க வேண்டும். தெர்மோஸ்டாட் (கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைத் திறந்து மூடும் வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இன்ஜின் சூடாகவில்லை என்று ஈசியு ஹைவேயில் ரீஜெனைத் தொடங்காது. ஊருக்குள் கொஞ்சம் சூடானதும் தொடங்கும், அதற்குள் நீங்கள் ஆபீஸ் வந்து வண்டியை அணைத்துவிடுவீர்கள். பாதியில் நின்ற ரீஜெனுக்குத்தான் அந்த ஃபேன் சத்தம். தாமதமாக விட்ட டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. இனி அந்த ஆயிலில் ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

திருப்பூர் டீசல்

தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் இன்ஜின் போதிய அளவு சூடாகவில்லை என்ற பி0128 கோடு வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. அப்புறம் ஒர்க் ஷாப்பில் ஃபோர்ஸ்டு ரீஜென் மட்டும் எப்படி நடந்தது? அதற்கும் இன்ஜின் சூடு வேண்டும்தானே?

ஸ்பேனர்17

நல்ல கேள்வி. அந்தக் கோடு ஈசியு தனக்கு வைத்திருக்கிற வரம்புக்குக் கீழே போனால்தான் வரும். பாதி திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட் அந்த வரம்பை ஒட்டியே ஓடித் தப்பித்துவிடும். கோடு இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகாது. ஒர்க் ஷாப்பில் வண்டி நின்ற இடத்தில் 2500-க்கு மேல் கத்துகிறது, ரேடியேட்டரில் எதிர்க்காற்று இல்லை. அதனால் கூலன்ட் மெதுவாகவாவது ஏறிவிடும். ரோட்டில் எண்பதில் போகும்போது காற்று அதை இறக்கிவிடும். அதனால்தான் ஷெட்டில் நடந்த வேலை ரோட்டில் நடக்கவில்லை.

வடவள்ளிவாசி

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தோம். குளிர்ந்த நிலையிலேயே வால்வு மூடாமல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. மாற்றியாயிற்று. ஆயிலும் ஃபில்டரும் புதுசு. கடைசி இரண்டு சர்வீஸில் வெளியே போட்ட ஆயில் டிபிஎஃப் வண்டிக்கான, சாம்பல் குறைவாக விடும் சி3 தரம் இல்லை என்பது பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரே ஒரு ஃபோர்ஸ்டு ரீஜென். பாகம், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். இப்போது ஹைவேயில் 88. ஐடிலில் 8 மில்லிபார், 3000-இல் 46. நேற்று அவிநாசி தாண்டி ஓடும்போது தானாக ரீஜென் தொடங்கிப் பதினாலு நிமிடத்தில் முடிந்தது. ஆப்பில் பார்த்தேன்.

திருப்பூர் டீசல்

46 என்பது புது ஃபில்டர் அளவு இல்லையே. இன்னும் உள்ளே ஏதோ இருக்கிறது.

ஸ்பேனர்17

அது சாம்பல். 1,28,000 கி.மீ.க்கு இருக்கத்தான் செய்யும், அந்த ஆயில் அதைக் கூட்டியிருக்கும். இப்போதைக்குத் தொந்தரவு இல்லை. ஒரு ரீஜெனுக்கும் அடுத்ததற்கும் எத்தனை கி.மீ. என்று குறித்து வாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் யூனிட்டைக் கழற்றிச் சூளையில் சுட்டு, எதிர்த்திசையில் காற்றடித்துச் சுத்தம் செய்யும் இடத்தில் கொடுங்கள். கொடுக்கும் முன்னும் வாங்கும்போதும் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிரஷர் வாட்டரை உள்ளே அடிப்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

மலைவண்டி

வெட்டுவது பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. சீசன் நடுவில் வேறு வழி கிடைக்காதவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்பதாயிரம் என்று படித்த பிறகு தூக்கம் வரவில்லை. மருமகனிடம் டாங்கிள் இருந்தது, மாட்டிப் பார்த்தேன். என் வேனில் கூலன்ட் 89, அதில் குறை இல்லை. ஆனால் இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃபிலேயே பிரஷர் 22 மில்லிபார் காட்டுகிறது. கணக்கிட்ட கரி 9 கிராம், அளந்தது 31. இது என்ன அண்ணா?

ஸ்பேனர்17

இன்ஜின் ஓடாதபோது இரண்டு பக்கமும் ஒரே காற்றழுத்தம், 22 வரவே கூடாது. சென்சாரிலிருந்து இரண்டு ஹோஸையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். சுழிக்கு வந்தால் ஹோஸில் தண்ணீரோ கரியோ நிற்கிறது, ஊதி எடுத்து, வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். கழற்றிய பிறகும் 22 என்றால் சென்சார் போய்விட்டது. புதுசு போட்டதும் ஸ்கேனரில் பழைய அளவை அழித்துப் பதிய வைக்கச் சொல்லுங்கள், அதை மறந்தால் விளக்கு போகாது. ஹோஸை மாட்டும்போது முன் பின் மாறிவிடக் கூடாது, கழற்றும் முன்பே ஒரு ஹோஸில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஈரோடு பக்கம் சவாரி இருந்தால் வண்டியைக் கொண்டு வாருங்கள், நானே பார்க்கிறேன்.

மலைவண்டி

வெள்ளி பவானிக்கு ஒரு சவாரி இருக்கிறது. திரும்பும்போது வருகிறேன்.