பழைய ஃபிலிம் கேமரா: ரோல் போடும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

கேள்வி:
வீட்டில் 70-களில் பயன்படுத்திய இரண்டு கேமராக்கள் இருக்கின்றன: மினோல்டா எஸ்ஆர்டி-101, ஒலிம்பஸ் ட்ரிப் 35. பல வருடம் பெட்டிக்குள் கிடந்தவை. இரண்டிலும் ஷட்டர் சத்தம் கேட்கிறது. மினோல்டாவில் ஒளியை அளக்கும் மீட்டர் முள் அசையவில்லை. அப்படியே ரோல் போடலாமா?

பதில் 1:
முதலில் பின்மூடியைத் திறந்துவிடாதீர்கள், உள்ளே பழைய ரோல் இருக்கலாம். ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். இலகுவாகச் சுற்றிக்கொண்டே போனால் காலி. இறுகினால் ஃபிலிம் இருக்கிறது. அடிப்பக்கப் பொத்தானை அழுத்திவிட்டு, இறுக்கம் சட்டென்று விடும்வரை சுற்றிய பிறகே திறக்க வேண்டும்.

ஷட்டருக்குச் சத்தம் மட்டும் போதாது. மினோல்டாவில் லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து 1/1000-இல் அழுத்துங்கள். சட்டம் முழுக்க ஒளி தெரிய வேண்டும். ஒரு ஓரம் இருண்டால் ஷட்டரின் இரண்டு திரைகளின் வேகமும் ஒத்துப்போகவில்லை. படத்திலும் ஒரு ஓரம் கறுத்துத்தான் வரும். பிறகு 1 நொடியில் வையுங்கள். பாதியில் திணறினால் பல்சக்கரங்களில் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது. வேகமான எண்கள் சரியாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் எடுக்கத் தடையில்லை.

பதில் 2:
இந்த வயதுக் கேமராக்களில் ரோலைக் கெடுப்பது பெரும்பாலும் ஷட்டர் அல்ல, பின்மூடி ஓரத்துக் கறுப்பு ஃபோம். தொட்டால் தார்போல ஒட்டும், அல்லது பொடியாக உதிரும். அது போனால் படங்களில் ஆரஞ்சு நிறக் கீற்றுகள் விழும். பல்குத்தும் குச்சியால் சுரண்டி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தாலே போதும்.

சுரண்டும்போது தூள் ஷட்டர் திரைமேல் விழாதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடியுங்கள். மினோல்டாவில் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலேயும் ஒரு ஃபோம் பட்டை உண்டு. அந்தக் கண்ணாடியைத் துணியால் துடைக்கவே கூடாது. வெள்ளிப்பூச்சு முன்பக்கம் இருப்பதால் ஒரு தேய்ப்பிலேயே கீறிவிடும்.

பதில் 3:
மீட்டர் விஷயம். எஸ்ஆர்டி-101 கேட்பது 1.35 வோல்ட் பாதரச பேட்டரி, பிஎக்ஸ்625. இப்போது அது கிடைக்காது. அதே அளவு 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் முள் அசையும், ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டுவிடும். காதுகேட்கும் கருவிக்கான 675 துத்தநாக-காற்று செல்லை ஒரு ரப்பர் வளையத்தோடு வைப்பதுதான் என் பரிந்துரை. மின்னழுத்தம் நெருங்கி வரும், ஆனால் ஒட்டுத்தாளை உரித்தபின் சில மாதம்தான் தாங்கும். பேட்டரி அறையில் பச்சை உப்பு படிந்திருந்தால் வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள்.

சரிபார்க்க: நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100, 1/125 என்று வைத்தால், லென்ஸ் துளை வளையம் எஃப்/16-ஐ ஒட்டி வரும்போது வ்யூஃபைண்டரில் மீட்டர் முள்ளும் வட்ட முனை முள்ளும் ஒன்றுசேர வேண்டும். முள் அசையவே இல்லையென்றாலும் கவலையில்லை. ஷட்டர் முழுக்க இயந்திரம், பேட்டரி இல்லாமலே ஓடும்.

ட்ரிப் 35-க்கு பேட்டரியே கிடையாது, ஒளி பட்டால் மின்சாரம் தரும், லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் செல்தான் எல்லாம். ஏ-யில் (தானியங்கி) வைத்து லென்ஸையும் செல்லையும் கையால் மூடி அழுத்தினால் வ்யூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பி ஷட்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். வெயிலில் கொடி வரக் கூடாது. அங்கும் வந்தால் செல் செத்துவிட்டது.

ரோல் போட்டு மூடியபின் ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் ரீவைண்ட் கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் ஃபிலிம் நுனி சுருளில் பிடிக்கவில்லை. 36 படமும் வெற்று.

கேட்டவர்:
நல்லவேளை திறக்கவில்லை. மினோல்டாவில் ரோல் இருந்தது. உறையில் கோடக்ரோம் 64 என்றிருக்கிறது. இதைக் கழுவ முடியுமா?

பதில் 2:
வண்ணத்தில் முடியாது. அதற்கென்றே இருந்த கே-14 முறை 2010 இறுதியோடு நின்றுவிட்டது. கறுப்பு-வெள்ளையாகக் கழுவலாம், உருவம் மங்கலாகவாவது கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் சாதாரண வண்ண ரோல்களோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். கோடக்ரோமின் முதுகில் கரிப்பூச்சு உண்டு, அது கரைந்து மற்ற ரோல்களிலும் மருந்திலும் ஒட்டும். உறைமேல் 'கோடக்ரோம், கறுப்பு-வெள்ளை மட்டும்' என்று எழுதி, பழைய ரோல்களைத் தனியாகக் கழுவும் லேபுக்கு அனுப்புங்கள். அதுவரை காற்றுப்புகாத டப்பாவில், குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும்.