கூலர் ஓடுகிறது, புழுக்கம் கூடுகிறது: உடனே யோசனை வேண்டும்

உப்புக்காற்று (காலை 11.20)
அறையில் உட்கார முடியவில்லை. கூலர் ஓட ஓடப் புழுக்கம் அதிகமாகிறது. கடல் பக்கத்தில்தான், ஆனால் ஓர் இலைகூட அசையவில்லை. ஏசி கிடையாது. அம்மாவும் இருக்கிறார்கள். சாயங்காலம் வரை எப்படி ஓட்டுவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

மாடிவீடு
எந்த மாடி? மேலே வெறும் மொட்டை மாடி என்றால் கூலரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெயில் வாங்கிய கான்கிரீட் ராத்திரி வரை வெக்கையை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். வேறு எதைச் செய்தாலும் அதற்கு அப்புறம்தான்.

ஈரமானி
அவர் கேட்பது இன்றைய பகலுக்கு, பூச்சு அடிக்க நேரமில்லை. உப்புக்காற்று, ஜன்னல் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? கூலரின் பின்பக்கம் வெளியே பார்த்து இருக்கிறதா, அறைக்குள்ளேயா? ஈரப்பதம் எவ்வளவு? அம்மாவுக்கு என்ன வயது? இது தெரியாமல் என்ன சொல்வது?

குளிர்விரும்பி
கூலர் தொட்டியில் ஐஸ் போடுங்கள். எனக்கு நன்றாக வேலை செய்கிறது.

மூத்தவன்
ஒவ்வொரு கோடையிலும் இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கமே போய்விட்டது. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், அதுதான் கூலர். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் எங்கே ஆவியாவது? 40 டிகிரி வெயில், 20 சதவீத ஈரப்பதம் உள்ள ஊரில் கூலர் காற்றை 25-க்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். 36 டிகிரி, 65 சதவீதம் என்றால் எவ்வளவு நல்ல கூலரும் 30-க்குக் கீழே போகாது. பள்ளிப் பாடம் இது.

ஈரமானி
கணக்கு சரி, சொன்ன விதம் வேண்டாமே. அவர் வீட்டில் வயதானவர் இருக்கிறார்.

உப்புக்காற்று (12.05)
மேல் மாடிதான். கூலர் இருப்பதால் ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறேன். படுக்கை விரிப்பு தொட்டால் ஈரம், சுவரில் கை வைத்தால் பிசுபிசுக்கிறது. அம்மாவுக்கு 70 தாண்டிவிட்டது.

ஈரமானி
காரணம் அதுதான். கூலர் விட்ட ஈரம் முழுக்க அறைக்குள்ளேயே சுற்றுகிறது. வியர்வை உலரவே வழியில்லை. முதலில் தண்ணீர் பம்பை அணைத்துவிட்டு வெறும் காற்றாக ஓடவிடுங்கள். வெயில் படாத பக்கத்து ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போடுங்கள். கீழ்த்தளத்தில் தெரிந்தவர் வீடு இருந்தால் அம்மாவை மாலை வரை அங்கே வையுங்கள். வேறு எதையும்விட அது பலன் தரும்.

காற்றுவழி
காலையில் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது? தரைப் பக்கமிருந்தா? நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாக. நிலத்தின் மேல் காற்று லேசாகி எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பெரும்பாலும் உச்சிக்கு முன்பே வந்துவிடும். தரைக்காற்று எதிர்த்து நின்றால் அது கரைக்கு வெளியிலேயே தடைபட்டு 2, 3 மணிக்கு வரும், சில நாள் வராமலே போகும். கடலோரத்தில் வெப்பம் உச்சம் தொடுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். காற்று திரும்பியதும் கடல் பக்க ஜன்னலையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் சேர்த்துத் திறங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று உள்ளே ஓடாது.

மூத்தவன்
ஃபேன் போடச் சொல்கிறீர்களே, 35 டிகிரிக்கு மேல் ஃபேன் ஆபத்து என்பது தெரியுமா? தோலைவிடச் சூடான காற்றை உடம்பின் மேல் அடிக்கிறீர்கள்.

ஈரமானி
பாதிதான் சரி. வறண்ட ஊரில் அது பெரிய சிக்கல். ஈரமான ஊரில் காற்று அசைந்தால்தான் வியர்வை உலரும், 35 தாண்டியும் லாபம்தான். உலக சுகாதார நிறுவனமே 40 டிகிரிக்குக் கீழே ஃபேன் பயன்படுத்தலாம் என்கிறது.

மூத்தவன்
இளைஞர்களுக்குச் சரி. வயதானவர்களுக்கு வியர்வையே குறைவு. அப்போது எதை உலர்த்தப் போகிறது உங்கள் ஃபேன்?

ஈரமானி
அதனால்தான் தோலைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். கை, கழுத்து, பாதங்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேன் காற்று படவிட்டால், வியர்வை செய்ய வேண்டியதை அந்தத் தண்ணீர் செய்யும்.

வார்டுசெவிலி
ஃபேன் சண்டை அப்புறம் இருக்கட்டும். உப்புக்காற்று, அம்மா பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுக்கிறாரா? நீர் பிரியும் மாத்திரை உண்டா? உண்டென்றால் எவ்வளவு தண்ணீர், உப்பு கொடுக்கலாம் என்று அவருடைய மருத்துவரிடம் போனில் கேளுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அப்படி எதுவும் இல்லை, நிறைய வியர்க்கிறது என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. பேச்சு குழறினாலோ, கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று சும்மா இருந்துவிடாதீர்கள், வியர்வையோடும் வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) வரும்.

மாடிவீடு
இவ்வளவும் சரி, ஆனால் மாடிப் பூச்சு அடிக்காவிட்டால் அடுத்த கோடையிலும் இதே கதைதான்.

குளிர்விரும்பி
ஐஸ் போட்டுப் பார்த்தாரா என்று யாரும் கேட்கவில்லையே?

ஈரமானி
தொட்டியில் போட்டால் காற்று கொஞ்ச நேரம் லேசாகக் குளிரும், அறையின் ஈரம் போகாது. அந்த ஐஸைத் துணியில் சுற்றி அக்குளிலும் கழுத்திலும் வைத்தால் உருப்படியான பலன் உண்டு.

உப்புக்காற்று (மாலை 3.50)
பம்பை நிறுத்தி ஜன்னல் திறந்தேன், பரவாயில்லை. அம்மாவைக் கீழ் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டேன். கடற்காற்று இப்போதுதான் வந்தது. எல்லோருக்கும் நன்றி.

வார்டுசெவிலி
மாத்திரை பற்றிச் சொல்லவே இல்லையே? ராத்திரியும் புழுங்கும், கவனமாக இருங்கள். மருத்துவரிடம் கேட்டீர்களா?

வார்டுசெவிலி (இரவு 9.15)
உப்புக்காற்று, பார்த்தால் ஒரு வரி போடுங்கள்.

புதியவர்
எங்கள் வீட்டிலும் இதே நிலைமை. கைக்குழந்தை இருக்கிறது. ஈரத்துணியால் துடைக்கலாமா?

ஈரமானி
எத்தனை மாதம்? எந்த மாடி?