தழும்பின் மீது தகடு: மூக்கொலி அளவீட்டைக் குழந்தைகளுக்கு எளிதாக்குவது எப்படி?

கேள்வி: பேச்சுப் பயிற்சியாளர், மதுரை

அனைவருக்கும் வணக்கம். அன்னப்பிளவு (மேல்வாய்ப் பிளவு) அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகளின் பேச்சில் மூக்கொலி எவ்வளவு கலக்கிறது என்பதை எங்கள் பிரிவில் நேசோமீட்டர் கொண்டு அளக்கிறோம். தலையைச் சுற்றிப் பட்டையை இறுக்கி, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே தகட்டைப் பொருத்த வேண்டியிருக்கிறது. உதட்டுப் பிளவும் இருந்த குழந்தைகளுக்கு அந்தத் தகட்டின் விளிம்பு சரியாகத் தையல் தழும்பின் மீதே பதிகிறது. நான்கைந்து வயதுக் குழந்தைகள் அதைத் தள்ளிவிட்டு அழுகிறார்கள். அழுது மூக்கடைத்த பிறகு கிடைக்கும் எண்ணை நம்ப முடிவதில்லை. பட்டையை விட்டுவிட்டுத் தகட்டைக் கையில் பிடித்து அளக்கலாமா? விளிம்பில் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டினால் தவறாகுமா?

பதில் 1: மூத்த பேச்சுப் பயிற்சியாளர்

கையில் பிடித்து அளக்கலாம். அதற்கென்றே கைப்பிடி வைத்த தகடுகள் விற்பனையில் உள்ளன. ஆனால் பிடிப்பது நீங்களாகவே இருக்க வேண்டும், ஏனெனில் தகடு முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதைப் பக்கவாட்டில் இருந்து பார்ப்பவரால்தான் சொல்ல முடியும். குழந்தை தாயின் மடியில், பின்தலை அவர் நெஞ்சில் சாய்ந்தபடி உட்கார்ந்தால் தலை ஆடாது, பட்டைக்குத் தேவையே இருக்காது. அறுவை சிகிச்சைக்கு முன் பட்டையோடும் பின் கையாலும் அளந்துவிட்டு இரண்டையும் ஒப்பிடாதீர்கள்; எந்த முறையில் எடுத்தது என்பதைக் கோப்பில் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

பெரும்பாலும் குழந்தையை மிரட்டுவது இறுக்கத்தைவிடக் குளிர்ச்சியும் ஸ்பிரிட் வாடையும்தான் என்பது என் அனுபவம். துடைத்த தகடு நன்றாக உலர்ந்து வாடை போகட்டும், பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே சிறிது நேரம் வைத்திருந்து, முதலில் குழந்தையின் கன்னத்தில் தொட்டுக் காட்டுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு அளவீடே வேண்டாம், ஏனெனில் அடைத்த மூக்கு எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும்.

பதில் 2: உயிர்மருத்துவப் பொறியாளர்

ஸ்பாஞ்ச் பற்றி மட்டும் சொல்கிறேன், தயவுசெய்து ஒட்டாதீர்கள். மூக்கு வழி வரும் ஒலியை மேல் மைக்கும், வாய் வழி வருவதைக் கீழ் மைக்கும் தனித்தனியாக வாங்க, மொத்தத்தில் மூக்கொலியின் பங்கைக் கருவி சதவீதமாகத் தருகிறது. இரண்டையும் பிரிப்பது அந்தத் தகடு ஒன்றுதான். ஸ்பாஞ்சுக்குள் ஒலி புகுந்து மறுபக்கம் போய்விட்டால், நல்ல பேச்சும் மூக்கொலி மிகுந்ததாகத் தெரியக்கூடும். விளிம்பு உறுத்தினால் கருவியின் தயாரிப்பாளர் தரும் மாற்று விளிம்பு உண்டா என்று கேளுங்கள்.

மூக்கின் பக்கவாட்டில் ஒட்டும் சிறிய அதிர்வு உணரிகளும் உள்ளன, அவற்றுக்குத் தகடே தேவையில்லை. பயிற்சியின்போது திரையில் ஏற்ற இறக்கத்தைக் காட்ட அவை உதவும். எனினும் அந்த எண்ணும் நேசோமீட்டர் எண்ணும் ஒன்றல்ல என்பதால், அறுவை சிகிச்சை குறித்த முடிவுக்கு ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கக் கூடாது.

பதில் 3: ஒரு தாய்

என் மகனுக்கு உதட்டுத் தையல் போட்ட பின், அந்த இடத்தில் எதுவும் படக்கூடாது என்று எங்களை எச்சரித்தார்கள், நாங்களும் அவன் கையைக்கூட அங்கே விடவில்லை. அப்படி வளர்ந்த பிள்ளையிடம் அதே இடத்தில் தகட்டை வைத்தால் அவன் மிரளாமல் என்ன செய்வான்? புண் ஆறியபின் தழும்பைத் தடவிவிடச் சொன்னார்கள் அல்லவா, அளவீட்டுக்கு முந்தைய நாட்களில் அதே தடவலோடு சுத்தமான ஸ்பூனின் பின்பக்கத்தையும் வைத்துப் பழக்கச் சொல்லுங்கள். "அங்கே தொட்டால் வலிக்காது" என்று பிள்ளை தன் தாயிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும், அறைக்குள் புதியவர் சொல்லி நம்பாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் சொன்னதை அடுத்த வாரம் வரும் பெற்றோருக்கு இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, படிக்கத் தெரியாத குழந்தையிடம் நீண்ட பத்தியைச் சொல்ல வைப்பதற்குள் பொறுமை தீர்ந்துவிடுகிறது. சுருக்க வழி உண்டா?

பதில் 1 எழுதியவர்

உண்டு. ஆங்கிலத்தில் மெக்கே, கம்மர் ஆகியோர் உருவாக்கிய தேர்வு குறுகிய அசைகளையும் படங்களையும் கொண்டே அளக்கிறது. தமிழில் "பாப்பா பாட்டு பாடு", "தாத்தா காப்பி குடி" போன்ற மெல்லினம் இல்லாத வாக்கியங்களைப் படம் காட்டிச் சொல்லச் செய்யலாம். பேச்சுத் தமிழில் "மரம்", "அவன்" போன்ற சொற்களின் கடைசி உயிரே மூக்கொலியாகிவிடுவதால், ம், ன் என முடியும் சொல் ஒன்றுகூட அதில் நுழையாமல் பாருங்கள். "பிபிபி" போன்ற இகர அசைகள் "பபப"வைவிட இயல்பாகவே கூடுதல் எண் காட்டும், ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஆங்கிலப் பத்திக்கான சராசரிகளைத் தமிழ்க் குழந்தையின் எண்ணோடு பொருத்த வேண்டாம். அதே குழந்தையின் முந்தைய எண்ணோடு ஒப்பிடுவதுதான் நம்பகமானது.